முடி நட்ட வாரத்தில் வேறொரு தொற்று வந்தால்: ஆன்டிபயாடிக் போடலாமா, பொறுக்கலாமா?

முடி நடும் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு அடுத்த பத்து நாளும் தலையைத் தவிர வேறு கவலை இருக்காது. எப்படிப் படுப்பது, எப்போது தண்ணீர் ஊற்றுவது, கொசு உட்கார்ந்தால் விரட்டலாமா என்று அதே யோசனை. அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வீங்கும். அல்லது சிறுநீர் கடுக்கும், தொண்டையில் சீழ் வைக்கும். டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தருவார். லட்ச ரூபாய் செலவழித்து நட்ட முடியை இந்த மாத்திரை கெடுத்துவிடுமோ என்ற பயம் அப்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஆட்கள் நான்கு விதமாக முடிவெடுக்கிறார்கள். சிலர் எழுதிக் கொடுத்ததை அன்றைக்கே தொடங்குகிறார்கள். சிலர் முடி பிடிக்கும்வரை தள்ளிப்போடுகிறார்கள். சிலர் முடி நட்ட கிளினிக்கில் கொடுத்ததில் மிச்சமிருக்கும் மாத்திரையை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். மாத்திரையே இல்லாமல் வேறு வழியில் தீர்க்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா தொற்றுதான் என்று டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லியிருந்தால் முதல் வழிதான் சரி. மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியது எந்த ஆன்டிபயாடிக், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளோடு அது எப்படிச் சேரும் என்பதற்காகத்தான்.

மாத்திரை முடியை என்ன செய்யும்?

நட்ட முடிவேர் முதல் சில நாள் பக்கத்துத் திசுவிலிருந்து கசியும் திரவத்தை வைத்தே பிழைக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல அதற்கு ரத்த ஓட்டம் கிடைக்கிறது. ஒன்பது, பத்து நாளில் இழுத்தாலும் பிடுங்கிவராத அளவுக்கு ஊன்றிவிடுகிறது. இந்தக் காலத்தில் அதற்கு எதிரி என்றால் உராய்வு, அடிபடுவது, காய்ந்துபோவது, அந்த இடத்திலேயே சீழ் பிடிப்பது ஆகியவைதான். ஆன்டிபயாடிக் இந்தப் பட்டியலில் இல்லை. அமாக்சிசிலின் வகை பாக்டீரியாவின் செல் சுவரை உடைக்கிறது. நம் முடிவேர்ச் செல்லுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பைத் தடுக்கின்றன. முடி நட்ட கிளினிக்குகளே பெரும்பாலும் முதல் சில நாளைக்கு ஏதாவதொரு ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் அனுப்புகின்றன. அங்கே கொடுத்தால் முடிக்கு நல்லது, பல் டாக்டர் கொடுத்தால் முடிக்குக் கெடுதல் என்று இருக்க முடியாது அல்லவா?

அப்படியானால் 'ஆன்டிபயாடிக் போட்டேன், நட்ட முடியெல்லாம் கொட்டிவிட்டது' என்று சிலர் சொல்வது பொய்யா? பொய்யில்லை, தேதிப் பொருத்தம். நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் எப்படியும் உதிரும். வேர் உள்ளேயே இருக்கும், மேலே தெரியும் முடி மட்டும் விழும். மூன்று, நான்கு மாதம் கழித்துப் புதிதாக முளைக்கத் தொடங்கும், முழு அடர்த்தி தெரிய ஒரு வருஷம் ஆகும். மூன்றாவது வாரத்தில் பல்வலிக்கு மாத்திரை போட்டவர் நான்காவது வாரத்தில் தலையணையில் முடியைப் பார்த்தால், பழி மாத்திரை மேல்தான் விழும். போடாமல் இருந்திருந்தாலும் அது விழுந்திருக்கும்.

முடியை உண்மையாகவே கொட்ட வைப்பது கடுமையான காய்ச்சல். 'டைபாய்டு வந்து எழுந்தேன், முடியெல்லாம் போச்சு' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டெங்கு, கோவிட் வந்து போனவர்களும் இதையே சொன்னார்கள். உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும்; இரண்டு, மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். பெரும்பாலும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்றாலும், நட்ட முடி முளைத்து வர வேண்டிய அதே மாதத்தில் பழைய முடி கொட்டினால் கண்ணாடி முன்னால் நிற்கவே மனசு வராது. ஆகவே முடிக்காக என்று நினைத்துத் தொற்றை வளரவிடுபவர், முடியையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

தள்ளிப்போடுவது எப்போது சரி?

ஒரே ஒரு சூழ்நிலையில் இது முழுக்கச் சரி: வைரஸ் தொற்றாக இருக்கும்போது. சளி, மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக்கால் அங்கே ஒரு பிரயோஜனமும் கிடையாது. முடி நட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்துக்கடையில் வாய்ப்பேச்சாகக் கேட்டு அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

சிறுநீர்த் தொற்று அப்படியல்ல. கடுப்போடு குளிர் நடுக்கமும் இடுப்பின் பின்பக்கம் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம், அங்கே ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. பல் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அது கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காரும் விஷயமே இல்லை, நேராக ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் மழை, பனிக் காலங்களில் அதிகம் பார்க்கும், உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின்தான் முக்கிய மருந்து. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மழைக்காலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முடி நட்டபின் வலிக்கென்று கொடுத்த மாத்திரையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது இருக்கலாம். காய்ச்சல் வந்து டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அதை உடனே நிறுத்திவிட்டு பாராசிட்டமால் மட்டும் போட வேண்டும். ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டுபவை அவை. காய்ச்சலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் இதை நாமாகச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

மாத்திரை இல்லாமல் சமாளிக்கும் நாட்களில் வீட்டு வைத்தியமும் தலையைக் குறிவைத்தே வரும், அதுதான் சங்கடம். ஆவி பிடிக்கும்போது குனிந்து, தலைமேல் துண்டைப் போர்த்துவோம். நட்ட இடத்தில் துண்டு உராயும், குனிவதால் நெற்றி வீக்கம் கூடும், சூடு வேறு. முதல் பத்து நாளுக்கு வேண்டாம். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டால் முன்வரிசை முடியில் உரசும். கழுத்தின் பின்புறத்திலோ அக்குளிலோ வையுங்கள், அங்கேயும் குளிர்ச்சி இறங்கும். பத்துப் போடுவது, தைலம் தேய்ப்பது எல்லாம் புருவத்துக்கு மேலே போகக் கூடாது. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க மட்டும் எந்தத் தடையும் இல்லை.

மிச்ச மாத்திரை

இதுதான் நான்கிலும் மோசமான வழி, ஆனால் அதிகம் பேர் எடுப்பது. கோவையில் இருக்கும் என் சித்தி மகன் முடி நட்ட ஆறாவது நாள் ஞானப்பல் வீங்கிப்போய் போன் செய்தான்.

"அண்ணா, கிளினிக்ல குடுத்த செஃபலெக்சின் நாலு மிச்சம் இருக்கு. அதையே போட்டுக்கட்டுமா? பல் டாக்டர் வேற ஏதோ எழுதிருக்கார்."

"முடி நட்டத அவர்கிட்டச் சொன்னியா?"

"தொப்பி போட்டுட்டுப் போனேன். சொல்லல."

பிரச்சினை மொத்தமும் அந்தத் தொப்பிக்குள் இருந்தது. வெட்கப்பட்டு மறைத்ததால் நெற்றி வீக்கத்துக்காக அவன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது பல் டாக்டருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்கிவைக்கும். வெளியே சாதுவாகத் தெரியும் தொற்று உள்ளே பெரிதாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டால் சர்க்கரையும் ஏறும், ஏறிய சர்க்கரை தொற்றுக்குத் தீனி. செஃபலெக்சின் தோலில் இருக்கும் கிருமிகளுக்கு நல்ல மருந்து. ஈறுக்கடியில் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது. நான்கு மாத்திரை ஒரு நாளைக்குத்தான் வரும், முழு கோர்ஸும் ஆகாது. அரைகுறையாகப் போட்டால் வலி கொஞ்சம் அடங்கும், கிருமி தங்கிவிடும்.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் ஈறுக்கடியில் கழுவிச் சுத்தம் செய்து, கன்னம்வரை வீக்கம் இருந்ததால் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுத்தார். செஃபலெக்சினை நிறுத்தச் சொல்லிவிட்டார். அமாக்சிசிலினும் செஃபலெக்சினும் ஏறக்குறைய ஒரே குடும்பம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வயிற்றுப்போக்குதான் இரட்டிப்பாகும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இரண்டு டாக்டர்களில் ஒருவர் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

மாத்திரைக்கு முன்னால் கைவேலை

பல் விஷயத்தில் நான்காவது வழிக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, பெரும்பாலான பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லைச் சரிசெய்வதுதான் சிகிச்சை என்கிறது. சீழை வெளியேற்றுவது, வேர் சிகிச்சை, பல்லைப் பிடுங்குவது என எதுவாக இருந்தாலும் மூலத்தை எடுத்தால்தான் தீரும். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மாத்திரை அதற்குத் துணை. தோலில் வரும் சிறிய கட்டிக்கும் பல நேரம் இதே கணக்குதான்.

முடி நட்டவருக்கு இதில் வரும் சிக்கல் பல் டாக்டரின் நாற்காலி. சாய்ந்து படுத்தால் தலை வைக்கும் திண்டு, வேர் எடுத்த பின்மண்டையில் சரியாக அழுத்தும். கழுத்துக்கு வைக்கும் பிறைவடிவத் தலையணையைக் கையோடு கொண்டுபோய், தலை திண்டில் படாமல் கழுத்தில் பாரம் நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம். விளக்கைத் திருப்பும்போது அதன் கைப்பிடி முன்மண்டையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள். முகத்தில் துணி போர்த்தினால் அது புருவத்தோடு நிற்கட்டும். பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசியால் நட்ட முடிக்கு எதுவும் ஆகாது.

வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முடி நட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கும் வீக்கம் இரண்டு பக்கமும் இருக்கும், அமுக்கினால் குழியும், வலிக்காது. பல்லால் வரும் வீக்கம் ஒரு கன்னத்தில், கீழிருந்து மேலே, சூடாகவும் வலியோடும் வரும். முதலாவதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்.

எந்த மாத்திரை, எதோடு இடிக்கும்?

அமாக்சிசிலின், அல்லது அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த ஆக்மென்டின் போன்றவை முடி நட்டவருக்கு அதிகம் யோசிக்க வேண்டாத மருந்துகள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் மட்டும் கதை வேறு. சாப்பாட்டோடு போட்டால் வயிறு அவ்வளவாகக் கலங்காது.

டாக்சிசைக்ளின் கொஞ்சம் வேலை வைக்கும். இதைப் போடும்போது தோல் வெயிலில் சுலபமாகக் கருகும். நட்ட இடமோ புதுத் தோல்; அதன்மேல் சன்ஸ்கிரீன் தடவ முதல் சில வாரம் அனுமதியும் கிடைக்காது. குடைதான் வழி, அல்லது வெளியே போகாமல் இருப்பது. அடுத்தது, முடிக்கென்று போடும் சத்து மாத்திரை. அதில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் கால்சியமும் டாக்சிசைக்ளினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும், மருந்து ரத்தத்துக்குப் போவது குறைந்துவிடும். சத்து மாத்திரையை அந்த ஒரு வாரத்துக்கு நிறுத்திவிடுவதுதான் எளிது. ஒரு வாரத்தில் முடிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகைதான் நான் இரண்டாம் தடவை கேள்வி கேட்கச் சொல்வது. இவை தசைநாணைப் பலவீனமாக்கக்கூடியவை, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணை முக்கியமாக. ஸ்டீராய்டு கூடச் சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போடவைத்தது. முடி நட்டவர் நெற்றி வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் இதுவும் வந்து சேரும். "ஸ்டீராய்டு போடுறேன் டாக்டர், வேற மருந்து இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் இருக்கும். சிறுநீர்ப்பையோடு நிற்கும் எளிய தொற்று வந்த பெண்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாள் கொடுப்பது உண்டு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு வழியில்லாமல் சிப்ரோவே போட்டால், சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் கழித்துப் போடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் சர்க்கரை திடீரென்று இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். காபிப் பிரியர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: சிப்ரோ இருக்கும்போது காபியின் வீரியம் உடம்பில் நெடுநேரம் நிற்கும். ஏற்கெனவே மல்லாந்து சாய்ந்து தூங்க முடியாமல் தவிப்பவருக்கு இது வேறு.

மெட்ரோனிடசோல் என்றால் மது கூடாது. முடி நட்டபின் எப்படியும் முதல் நாட்களில் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அசித்ரோமைசின் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தராது, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் சொல்லிவிட வேண்டும்.

முடி உதிர்வைக் குறைக்க ஃபினாஸ்டரைடு போடுபவர்கள் இந்த வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்காக அதை நிறுத்தத் தேவையில்லை. முடி வளர்ச்சிக்காக மாத்திரையாகப் போடும் வாய்வழி மினாக்சிடில் வேறு விஷயம். காய்ச்சலோடு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடம்பில் நீர் வற்றினால், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை தலைசுற்றலையும் படபடப்பையும் கூட்டும். ஓரிரு நாள் நிறுத்தலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். முடிக்கென்று பயோட்டின் வைட்டமின் போடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்வது நல்லது. தைராய்டு உட்படச் சில பரிசோதனைகளின் முடிவை அது பொய்யாகக் காட்டும்.

யாரிடம் கேட்பது?

தொற்றுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் சொல்வதுதான் இங்கே முதல் வார்த்தை, முடி நட்ட டாக்டர் சொல்வது இரண்டாவது. இரண்டு பேருக்கும் முழுப் பட்டியல் போக வேண்டும். கிளினிக்கில் கொடுத்த சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்துக் காட்டினாலே போதும், பெயர்களை நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டே பேசுங்கள்.

சில இடங்களில் போன் செய்தால் எடுப்பவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பார், 'எதுவும் போடாதீங்க சார், கிராஃப்ட் (நட்ட முடிவேர்) போயிரும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அது மருத்துவ ஆலோசனை ஆகாது. அறுவை செய்த டாக்டரோடுதான் பேச வேண்டும் என்று கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் முடி நட வேண்டும், யூடியூப் பார்த்தோ பட்டறைகளில் வேடிக்கை பார்த்தோ செய்யக் கூடாது என்று சொல்கிறது. அப்படியொரு டாக்டர் அங்கே இருக்கிறாரா என்பது இந்த மாதிரி சமயத்தில்தான் தெரியவரும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்: தொற்று நிஜமாகவே வேறிடத்தில்தானா? நட்ட இடத்திலோ பின்மண்டையிலோ சிவப்பு பரவினால், நாற்றமுள்ள சீழ் வந்தால், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினால் அது தலைத் தொற்று. அன்றைக்கே அறுவை செய்தவரிடம் போக வேண்டும். இது அபூர்வம்தான். சில வாரம், சில மாதம் கழித்து அங்கங்கே வரும் சின்னப் பருக்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புது முடி தோலைத் துளைத்து வரும்போது அவை வருவது சகஜம், கூட்டமாக வந்தால் மட்டும் காட்டினால் போதும்.

இன்னும் அறுவைக்கே போகாதவர் இதைப் படித்தால் அவருக்கு ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. தேதி குறிப்பதற்கு முன் ஒரு தடவை பல் டாக்டரிடம் போய், அடிக்கடி தொந்தரவு தரும் ஞானப்பல்லை முடித்துவிட்டு வரலாம். அறுவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சலோ சிறுநீர்க் கடுப்போ வந்தால், முன்பணம் போகுமே என்று மறைத்துக்கொண்டு போய் உட்காராமல் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியும் தேதியை மாற்ற மறுக்கும் கிளினிக்காக இருந்தால், அங்கே தலையைக் கொடுப்பதா என்று யோசிக்க அதுவே போதும்.